கீழ்வரிசை போல்ட்டுகள்

குறித்த இறுக்கம் வந்துவிட்டதென்று டார்க் ரெஞ்சு 'டிக்' என்று ஒலிக்கும் வரை தவ்னோ ரிந்தலுவோமா மூச்சு விடமாட்டார் என்று ஊரில் கேலி செய்வார்கள். அதில் பாதி உண்மை. மூச்சு விடுவார், ஆனால் பேசமாட்டார், திரும்பிப் பார்க்கமாட்டார், யாராவது பட்டறைக் கொட்டகையின் கதவைத் திறந்துகொண்டு வந்தால் வணக்கமும் சொல்லமாட்டார்.

சிலிண்டர் ஹெட்டுக்கு ரெஞ்சு எடுப்பதை யாரும் குறை சொல்லப்போவதில்லை. தவ்னோ டைமிங் கவருக்கும் எடுப்பார். என்ஜினின் முகத்தில் உட்காரும் அலுமினிய மூடி அது. அதன் பின்னால் செயின் ஆயிலில் நனைந்தபடி ஓடிக்கொண்டிருக்கும். மூடியைப் பிடித்துவைக்கும் போல்ட்டுகள் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாதவை. குளிர்தேசத்தின் அந்தச் சமவெளியில் அறுவடை இயந்திரம் ஓட்டுகிற எவரும் அவற்றைக் கைப்பழக்கத்தில் முறுக்கிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள்.

"கவர் போல்ட்டுக்கெல்லாம் எவனாவது ரெஞ்சு எடுப்பானாப்பா?" என்று பால் லாரி ஓட்டும் சூலோ ஒவ்வொரு தடவையும் கேட்பான். "உனக்குக் கை இல்லையா?"

"கைக்குத் திங்கக்கிழமை ஒரு பலம், வெள்ளிக்கிழமை ஒரு பலம்," என்பார் தவ்னோ. "ரெஞ்சுக்குக் கிழமை தெரியாது."

அவருடைய முறை இப்படி இருக்கும். கழற்றும்போதே ஓட்ஸ் கஞ்சி வரும் அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதில் மூடியின் வடிவத்தைப் பென்சிலால் வரைந்து, எந்தத் துளையில் எந்த போல்ட் இருந்ததோ அந்த இடத்தில் ஓட்டை போட்டு அதை அப்படியே செருகிவைப்பார். போல்ட்டுகள் ஒரே நீளம் கிடையாது. நீளமானதைக் குட்டையான துளையில் போட்டால் அடியில் போய் இடித்துக்கொண்டு இறுகிவிட்டதுபோல நடிக்கும், மூடியைப் பிடிக்காது. குட்டையானதை ஆழமான துளையில் போட்டால் இரண்டு மரையில் தொங்கும். ஒருநாள் அலுமினியத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். பிறகு மரைகளைத் துடைப்பார். புது கேஸ்கெட் வைப்பார். எல்லா போல்ட்டையும் விரலால் மட்டும் ஏற்றுவார். அதற்குமேல் அவசரப்படக் கூடாது. கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, ஆயில் சீல் அதைச் சுற்றிச் சமமாக உட்காரும்படி மூடியைத் தானாக இடம்பிடிக்க விடவேண்டும். அதன்பின்தான் ரெஞ்சு. நடுவிலிருந்து வெளியே, குறுக்கும் மறுக்குமாக, முதல் சுற்றில் பாதி இறுக்கம், அடுத்த சுற்றில் முழு இறுக்கம். ஒரு காபி குடித்துவிட்டு வந்து இன்னொரு தடவை.

கடைசியில், இறுகிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் மூடி வரைக்கும் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு. போல்ட் துளி அசைந்தாலும் கோடு இரண்டாகப் பிளந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தக் கோடு போடுவது ஹெல்காவின் வேலை.

ஹெல்கா அவருடைய தங்கை. இளவயதில் ஸ்வீடனுக்குப் போய், ஒரு தச்சனைக் கட்டிக்கொண்டு, அது சரிப்படாமல் நாற்பதைத் தாண்டியபின் ஊர் திரும்பியவள். விவசாயிகள் விடுப்பில் போகும்போது அவர்கள் மாடுகளைக் கறக்கும் வேலை கிடைத்தது. மூடிப்போன மளிகைக்கடையின் மாடியில் குடியிருந்தாள். தவ்னோ பெற்றோர் விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்தார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, ஏன் என்று அவரும் யோசித்ததில்லை, மற்றவர்களும் கேட்பதை விட்டுவிட்டார்கள். அண்ணனும் தங்கையும் சாவுவீட்டிலும் கிறிஸ்துமஸிலும் பார்த்துக்கொள்வார்கள். அப்போதும் பேச்சு மழையைப் பற்றியதாக இருக்கும்.

ஒரு நவம்பரில் குளிர்கால டயர் மாற்ற வந்தவள் கொட்டகை மூலையில் கிடந்த துருப்பிடித்த பழைய காரைப் பார்த்தாள்.

"இது ஓடுமா?"

"ரோட்டுல ஓடாது. பந்தயத்துல ஓடும்."

"அப்ப நான் ஓட்டறேன்."

அவள் விளையாட்டுக்குச் சொன்னாள் என்று நினைத்தார். மறுநாள் மாலை, மாட்டுத்தொழுவ வாசனையோடு, பழைய கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அடுப்பை மூட்டினார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க வந்தாள். ஏலக்காய் ரொட்டி கொண்டுவருவாள். அவர் முறுக்குவார்; 'டிக்' கேட்டதும் அவள் ஒல்லித் தூரிகையால் கோடு போடுவாள். நடுநடுவே ஸ்வீடனில் நடந்ததைச் சொல்வாள். அவர் என்ஜினைப் பார்த்துக்கொண்டே கேட்பார். முகம் பார்க்காமல் பேச முடிந்ததால்தான் அவள் அவ்வளவு சொன்னாள் என்பது அவருக்கு வெகுநாள் கழித்தே புரிந்தது.

அந்தப் பக்கத்துச் சரளைப்பாதைப் பந்தயங்களுக்கு ஒரு விதி உண்டு. பந்தயம் முடிந்ததும், அங்கே ஓட்டிய எந்தக் காரையும், பந்தய உரிமம் வைத்திருக்கும் எவரும், எல்லாக் காருக்கும் பொதுவான ஒரே விலைக்குக் கேட்கலாம். கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும். பலர் கேட்டால் சீட்டுக் குலுக்குவார்கள். மறுத்தால் உரிமம் போய்விடும். காசுள்ளவன் காரில் காசைக் கொட்டி ஜெயித்துவிடக் கூடாது என்பதற்காக யாரோ புத்திசாலி வைத்த விதி. காசைக் கொட்டாமல் உழைப்பைக் கொட்டுகிறவனுக்கு அந்த விதியில் வழி சொல்லவில்லை.

அவர்களுடைய முதல் காரை ஒரு மரம்வெட்டி வாங்கிக்கொண்டு போனான். அடுத்த குளிர்காலத்தில் கட்டிய இரண்டாவது கார் சீட்டில் சூலோவுக்கு விழுந்தது.

"தவ்னோ முறுக்கினதை நான் கண்ணை மூடிக்கிட்டு வாங்குவேன்," என்று சூலோ எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். "மூடியைத் திறந்துகூடப் பாக்கமாட்டேன்."

சாவியைக் கொடுக்கும் முன் ஹெல்கா காரின் கூரையை இரண்டு தட்டுத் தட்டினாள், கறந்து முடித்த பசுவைத் தட்டுவதுபோல. பிறகு தவ்னோவிடம் வந்து, "சரி, அடுத்தது எது?" என்று சிரித்தாள்.

தவ்னோ அந்தச் சிரிப்பை நம்பவில்லை. கூரையைத் தட்டிய கையைத்தான் நம்பினார். ஸ்வீடனில் வீட்டையும் தோட்டத்தையும் விட்டுவிட்டு வந்தவள்; இங்கேயும் கட்டியதையெல்லாம் யாராவது எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று அவராகவே முடிவுசெய்துகொண்டார். அடுத்தது போகக் கூடாது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

மூன்றாவது கார்தான் மூன்றிலும் நல்லது. அதன் என்ஜின் கடிகாரம்போல ஓடியது. கவரை மூடிய சனிக்கிழமை இருவரும் நீராவிக் குளியலறையான சானாவில் வியர்க்க உட்கார்ந்துவிட்டுப் படியில் அமர்ந்து பியர் குடித்தபோது ஹெல்கா, "இதுக்குச் சீட்டுப் பெட்டியே நிரம்பிடும் பாரு," என்றாள். அவர் அதை பயம் என்று எடுத்துக்கொண்டார்.

முதல் பந்தயத்துக்கு முந்தைய மாலை, அவள் பால் கறக்கப் போனபின், தவ்னோ காருக்கு அடியில் படுத்து டைமிங் கவரின் கீழ்வரிசையில் இருந்த இரண்டு போல்ட்டுகளைத் தளர்த்தினார். அதிகமில்லை, கால் சுற்றுக்கும் குறைவு. வெள்ளைக் கோடுகள் இரண்டும் பிளந்தன. அவற்றின்மேல் கிரீஸையும் மண்ணையும் தடவி மறைத்தார். ஆயில் கசியும், ஃபேன் அதை முன்பக்கம் முழுக்க வாரியடிக்கும், பார்க்கிறவன் இது பழைய ஓட்டை என்ஜின் என்று நினைத்து விலகிப்போவான். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் வாழ்க்கையில் முதல்தடவையாக ரெஞ்சைத் துணியில் சுற்றி வைக்காமல் வீட்டுக்குள் போனார்.

மறுநாள் ஹெல்கா இரண்டாவதாக வந்தாள். பந்தயம் முடிந்து எல்லோரும் கார்களைச் சுற்றிப் பார்க்கும் நேரத்தில் சூலோ வந்து குந்தி உட்கார்ந்தான். கவரின் கீழே விரல் வைத்துத் தேய்த்துப் பார்த்தான்.

"இது யாரு மூடினது?"

"நான்தான்," என்றார் தவ்னோ.

"பொய் சொல்லாத."

"நான்தான்னு சொல்றேன்ல."

சூலோ எழுந்து கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். இந்தத் தடவை கேலி செய்யவில்லை. "கண்ணாடி மாத்திப் பாரேன், தவ்னோ. எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது," என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனான்.

அது குத்தியது. காரைக் காப்பாற்றக் கொடுத்த விலை என்று பல்லைக் கடித்துக்கொண்டார். ஹெல்கா, கார் கேட்பவர்கள் பெயர் கொடுக்கும் பதிவு மேஜைக்கு அருகில் நேரம் முடியும் வரை நின்றிருந்தாள். திரும்பிவந்து ஹெல்மெட்டைப் பின்சீட்டில் போட்டாள்.

"ஒருத்தர்கூட கேக்கல."

"நல்லதாப் போச்சு."

"ம்," என்றாள். பிறகு, "முன்னாடி ஏன் இவ்ளோ ஆயில்?"

"சீல் புதுசு. உக்காரட்டும்."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அவர் சொன்னால் அப்படித்தான் இருக்கும்.

பந்தயம் ஒன்று முடிந்ததும் இறுக்கிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார். இறுக்கவில்லை. அடுத்த பந்தயத்தில் மறுபடி தளர்த்த வேண்டும். அந்தக் காரியத்தை இரண்டாம்முறை செய்ய மனசு வரவில்லை. அப்படியே விட்டுவிடுவது எளிதாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஆயில் ஊற்றி நிரப்பினார். கோடை போயிற்று. யாரும் கேட்கவில்லை. ஹெல்கா நன்றாக ஓட்டினாள், நிறையப் பேசவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் மாவட்டத்தின் இறுதிப் பந்தயம். முந்தைய நாள் தவ்னோ ரெஞ்சை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போனார். கீழ்வரிசையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். இறுதிப் பந்தயத்துக்கு எங்கெங்கிருந்தோ வாங்க வருவார்கள். ஒரு நாள்தானே, இவ்வளவு நாள் தாங்கியது தாங்காதா என்று வெளியே வந்தார். எவனாவது தன் முன்னால் அப்படிச் சொல்லியிருந்தால் பட்டறையை விட்டே துரத்தியிருப்பார்.

கடைசிச் சுற்றில் ஹெல்கா முன்னால் வந்துகொண்டிருந்தாள். பந்தய முடிவில் கொடி அசைப்பவனின் மேடைக்கு முந்தைய வளைவில் காரின் முன்பக்கத்திலிருந்து நீலப் புகை எழுந்தது. அதற்கு முன்பே தவ்னோவுக்குச் சத்தம் கேட்டுவிட்டது. ஆயில் இல்லாத பேரிங்கின் சத்தம். யாரோ மரக்கதவைச் சுத்தியலால் தட்டுவதுபோல. பிறகு அதுவும் நின்றது. மற்ற கார்கள் அவளைத் தாண்டிப் போயின. கார் கொடியைப் பார்த்தபடி நின்றது.

அவர் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவள் பானெட்டைத் திறந்து, தரையில் மண்டியிட்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கவரின் கீழ்விளிம்பு வாய் பிளந்திருந்தது. கேஸ்கெட் கிழிந்து வெளியே தொங்கியது. ஒரு போல்ட் எங்கோ விழுந்துவிட்டது. மற்றது பாதி வெளியே வந்து நின்றது. அதன் தலையை ஹெல்கா கட்டைவிரலால் துடைத்தாள். தலையில் அரைக்கோடு. மூடியில் அரைக்கோடு. இரண்டும் சேரவில்லை.

அவள் அதை வெகுநேரம் பார்த்தாள்.

"தவ்னோ, நான் 'டிக்' வர்றதுக்கு முன்னாடியே கோடு போட்டுட்டேனா?"

அவர் வாயைத் திறந்தார்.

"அன்னைக்கு நான் பேசிக்கிட்டே இருந்தேன்ல. ஸ்வீடன் வீட்டை வித்த கதை. நீ இன்னும் முறுக்கி முடிக்கல, நான் பாட்டுக்குப் போட்டுட்டேன். அப்படித்தானே?"

அவள் 'டிக்' கேட்டபின்தான் கோடு போட்டிருந்தாள். அதைப் பிளந்தது அவருடைய கை. அது அவருக்குத் தெரியும். அவள் அந்த இடத்தில் தன்னைத் தவிர வேறு யாரையும் சந்தேகப்படத் தெரியாமல் நின்றாள்.

"இருக்கலாம்," என்றார் தவ்னோ.

அந்த ஒரு சொல்தான்.

சாசேஜ் சுடும் கூடாரத்தில் சூலோவும் மற்றவர்களும் காத்திருந்தார்கள். காகிதக் கோப்பையில் காபியை வாங்கிக்கொண்டு ஹெல்கா அவர்கள் நடுவில் போய் நின்றாள்.

"தவ்னோவை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. தப்பு என்னோடது. போல்ட் இறுகறதுக்கு முன்னாடி கோடு போட்டுட்டேன்."

"அப்ப அவன் கண்ணு போகல," என்றான் சூலோ, முகம் மலர்ந்து. "உன் காதுதான் போச்சு. நல்லவேளை, இத்தனை நாளா இவனுக்கு வயசாயிடுச்சுன்னு நானே தூக்கம் இல்லாம கெடந்தேன். மாட்டுக்குப் பால்கறக்கற மெஷினையாவது பாத்து மாட்டு, ஹெல்கா. தொழுவத்துல ஆயில் கொட்டிடப்போகுது."

எல்லோரும் சிரித்தார்கள். ஹெல்காவும் சிரித்தாள். சூலோ தவ்னோவின் தோளில் தட்டி, அவர் கையில் ஒரு சாசேஜைத் திணித்தான். தவ்னோ அதைத் தின்றார். கடுகு விழுது தடவியிருந்ததா இல்லையா என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

நவம்பர் வந்தது. கொட்டகை அடுப்பை மூட்டிவைத்துக் காத்திருந்தார். ஹெல்கா வரவில்லை. போன் செய்தால், "மாடுங்க கன்னு போடற நேரம்," என்றாள். இன்னொரு தடவை, "நீயே பண்ணேன். நான் தொட்டா என்ன ஆகும்னு பாத்தோமே," என்று சிரிக்க முயன்றாள். என்ஜினை அவர் தனியாக இறக்கினார். பேரிங்குகள் கருகிப்போயிருந்தன. கிராங்கைத் துடைக்கும்போதெல்லாம் அவளுடைய கேள்வி கேட்டது. வேலை செய்யும்போது பேசாமல் இருந்து பழகியவருக்கு இப்போது அந்த அமைதியில் வேலை ஓடவில்லை.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவள் கறந்துகொண்டிருந்த பண்ணைக்கே போனார். தொழுவத்தில் நீராவி போலப் பசுக்களின் மூச்சு. ஹெல்கா ஒரு பசுவின் மடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு அதை என்ன செய்வது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் போல்ட்டை நான்தான் தளர்த்தினேன்."

"எந்தப் போல்ட்?"

"கீழ ரெண்டு. மொத பந்தயத்துக்கு முன்னாடியே. ஆயில் ஒழுகினா எவனும் கேக்கமாட்டான்னு. உன் கோடு சரியாத்தான் இருந்துச்சு."

ஹெல்கா கறவைக் கருவியின் குழாய்களை ஒவ்வொன்றாகக் காம்பில் மாட்டினாள். நான்காவது இழுத்துப் பிடித்துக்கொண்டபின் நிமிர்ந்தாள்.

"எல்லார் முன்னாடியும் என்னைப் பேச விட்டே."

"ஆமா."

"சூலோ இன்னும் சொல்லிக்கிட்டிருக்கான். பால் எடுக்க வர்றப்ப காதைத் தொட்டுக் காட்டறான்."

"நான் போய்ச் சொல்றேன் அவங்கிட்ட."

"சொல்லு." அவள் அடுத்த பசுவிடம் போனாள். அவர் பின்னாலேயே போனார். "எதுக்கு தவ்னோ? வித்துட்டுப் போயிருந்தா என்ன?"

"உனக்கு அந்த கார்மேல... போன தடவை கூரையைத் தட்டினேல்ல. உனக்கு வருத்தமா இருக்கும்னு நெனச்சேன்."

ஹெல்கா அவரை நேராகப் பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்கு எதுக்குக் காரு? அது வித்தாத்தானே அடுத்த குளிர்காலத்துக்கு வேற ஒண்ணு கட்டுவோம். நான் ஒவ்வொரு பந்தயத்துலயும் அந்த மேஜைகிட்ட போய் நின்னது எதுக்குன்னு நெனச்சே? யாராவது கேக்கமாட்டாங்களான்னு நின்னேன்."

பால் கண்ணாடிக் குழாயில் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது.

"நார்வேயில வேலை கெடச்சிருக்கு," என்றாள் கொஞ்சம் பொறுத்து. "பெரிய பண்ணை. நவம்பர்லயே கேட்டாங்க. அங்க போறதா இங்க இருக்கறதான்னு அப்ப தெரியல. இங்க இருந்தா குளிர்காலத்துல என்ன பண்றதுன்னு தோணிச்சு. ஒத்துக்கிட்டேன்."

பிப்ரவரியில் அவள் கிளம்பினாள். தவ்னோ சூலோவைத் தேடிப் போய் உண்மையைச் சொன்னார். சூலோ கேலி செய்வான் என்று எதிர்பார்த்தார். அவன் லாரியின் படியில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தான். "காரை மறைக்கணும்னா வேற எதையாவது பண்ணியிருக்கலாம்ல. கதவை நசுக்கியிருக்கலாம். உன் போல்ட்டுலயா கைவெச்சே?" என்றான். அதன்பின் அவன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அது கேலியைவிட மோசமாக இருந்தது.

வசந்தம் வருவதற்குள் என்ஜின் தயாராகிவிட்டது. புதுப் பேரிங், புது செயின், புது சீல். கவர் மட்டும் மேஜைமேல் இருந்தது. பக்கத்தில் ஓட்ஸ் கஞ்சி அட்டையில் போல்ட்டுகள் அதனதன் இடத்தில் நின்றன. காணாமல் போனதற்குப் பதில் அதே நீளத்தில் ஒன்று. வெள்ளைப் பெயிண்ட் டப்பா அடியோடு காய்ந்துவிட்டிருந்தது. புது டப்பா வாங்கி, மூடியைத் திறக்காமல் வைத்தார்.

மே மாதம் சூலோ எட்டிப் பார்த்தான். "அடுத்த வாரம் பந்தயம். நானே ஓட்டறேன், குடுக்கறியா? ஏன் இன்னும் மூடல?"

"கோடு போட ஆள் இல்ல."

"நான் போடறேன். ஒரு கோடுதானேப்பா."

"உன் கை நடுங்கும்," என்றார் தவ்னோ.

சூலோ லாரிக்குத் திரும்பிப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிலசமயம் ஹெல்கா போன் செய்வாள். அங்கே மலைகள் வெளிச்சத்தை மறைக்கின்றன என்பாள், மாடுகள் நல்ல மாடுகள் என்பாள். இங்கே மழை என்று அவர் சொல்வார். ஒருதடவை, "எதாவது கட்டறியா?" என்று கேட்டாள்.

"அதேதான். கவர் மட்டும் பாக்கி."

எப்போது வருகிறாய் என்று கேட்க வேண்டும் என்று தவ்னோவுக்குத் தோன்றியது. "மழை இன்னும் விடல," என்றார்.

"சரி, கறக்க நேரமாச்சு," என்றாள் ஹெல்கா.

அந்தக் கோடையில் பந்தயங்கள் ஒவ்வொன்றாக நடந்து முடிந்தன. என்ஜின் கொட்டகையில் முகம் திறந்தபடி நின்றது. சனிக்கிழமைகளில் சானாவுக்கு விறகு போட்டுவிட்டு, அது சூடாகும் நேரத்தில் தவ்னோ கொட்டகைக்குப் போவார். செயினைப் போர்த்தியிருக்கும் துணியை எடுத்துத் தூசி தட்டுவார். துருப்பிடிக்காமல் இருக்கச் செயினில் ஆயில் விட்டு, கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றுவார். மூடியை எடுத்துப் பொருத்திப் பார்ப்பார். பிறகு அதை மறுபடி மேஜைமேல் வைத்துவிட்டு, சுத்தமான வேறு துணியைப் போர்த்திவிட்டு வருவார்.